அந்த ஆள் கையால் ஒரு மாத்திரை

என் மனைவிக்கு நான் அந்நியனாகி இன்றோடு முப்பத்தெட்டு நாள். என் முகத்தை அவள் மறக்கவில்லை. நெற்றித் தழும்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளே சொல்கிறாள். ஆனால் இது அவள் கணவன் இல்லையாம். அவரைப் போலவே இருக்கும் வேறு ஆளாம்.

முதல் வாரம் நிரூபிக்கப் பார்த்தேன். இருபத்திரண்டு வருட நாட்குறிப்புகளிலிருந்து எங்கள் கல்யாண நாள், மிளகுக்கொடி நட்ட நாள் என்று தேதியோடு வாசித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவரு நோட்டையும் எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

அவள் அண்ணன் வந்து எங்களை நாமக்கல்லுக்கு அழைத்துப்போனார். மருத்துவர் ஒரு தாளில் இரண்டு கோடுகள் போட்டார். முகத்தை அடையாளம் காண்பது மூளையில் ஒரு பாதை. பார்த்ததும் நம்மவர் என்று மனதை உணரவைப்பது வேறொரு பாதை. இரண்டாவது பழுதானால் முகம் தெரியும், மனம் அசையாது. ஏன் அசையவில்லை என்பதற்கு மூளையே ஒரு கதை கட்டிக்கொள்ளும். வாதாட வேண்டாம் என்றார். மாத்திரை மட்டும் தவறக் கூடாது, தவறினால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும்.

அண்ணன் ஊருக்குத் திரும்பியதும் மாத்திரை நின்றது. என் கையால் அவள் தண்ணீர்கூட வாங்கமாட்டாள். மூன்று நாள் வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்தேன். நான்காம் நாள் ஒரு வேலையாக மலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் போன் அடித்தது. அவள்தான்.

"ஏனுங்க, எங்க போயிட்டீங்க? ஊட்ல ஒரு ஆளு வந்து தங்கிட்டு இருக்காருங்க. அச்சு உங்களாட்டவே மூக்க உறிஞ்சறாரு."

குரல் போகும் பாதையில் பழுதில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு வளைவு இருப்புக் கொள்ளாமல் மலையேறினேன். வாசலில் நின்றவள் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு மாத்திரையையும் தண்ணீரையும் அவள் முன் வைத்துவிட்டு, மரவள்ளிக் காட்டு மேட்டுக்குப் போனேன். வீட்டிலிருந்து நாற்பது தப்படி. அங்கிருந்து அவளுக்குப் போன் செய்து, அந்த ஆள் வைத்திருப்பதைச் சாப்பிடச் சொன்னேன்.

"அந்தாள நம்பலாங்களா?"

என் முன்கோபம், சிடுசிடுப்பு எல்லாம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது.

"நம்பலாம். நாந்தான் அனுப்பி வெச்சேன்."

விழுங்கும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் இதே பொய்தான். எப்போது வருவீர்கள் என்று கேட்பாள், சீக்கிரம் என்பேன். குணமாக எத்தனை வாரமாகும் என்று மருத்துவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"நீங்க வந்துட்டா அந்தாளு எங்கீங்க போவாரு? பாவம், நல்ல மனுசனாத்தான் தெரியறாரு."

கேக்குதுங்களா, கேக்குதுங்களா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.