நூறு கண்ணி

ஆஸ்பத்திரியில் அவள் பெயரே லிஃப்ட் அக்காதான். பன்னிரண்டு வருடமாக அதே முக்காலியில் உட்கார்ந்து மேலும் கீழும் போய்வருகிறாள். ஆளில்லாத நேரத்தில் கம்பளி பின்னுவாள். யாரோ விட்டுப்போன கைவேலைப் பத்திரிகையில் ‘பயணச் சால்வை’ படத்தைப் பார்த்ததும், முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று பின்னி முடித்தாள்.

வீட்டில் மாமியார் அதைத் தடவிப் பார்த்தார்.

“மெத்துனு இருக்கே. பெரியவளுக்குக் குடுத்துடு. அவதான் ஊர் ஊராப் போறா. நீ எங்க போகப்போறே?”

“தினமும் அறுபது தடவை ஏழாவது மாடிக்குப் போறேன், அத்தை.”

மாமியார் சிரித்தார். சால்வை பெரிய நாத்தனாரோடு போனது. நாத்தனாரின் கணவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

மறுநாள் லிஃப்டில் அதே பக்கத்தைத் திறந்தாள். ‘முதலில் ஊசியில் நூறு கண்ணி போடவும்’ என்றிருந்தது. முயலுக்கு வைப்பதும் கண்ணிதான். முயலாவது அடுத்தவர் வைத்ததில் மாட்டுகிறது.