விரல் நுனி அளவு முடிக்கு ஒரு ஷாம்பூ

கரியாஹாட்டில் இருக்கும் அந்தப் பெரிய கடையில் சோப்பு, ஷாம்பூ அலமாரி முன்னால் போய் நின்றாலே எனக்குக் கோபம் வரும். ஒரு தலையைக் கழுவ எதற்கய்யா சுவர் நிறைய பாட்டில்? வெங்காயமாம், கரியாம், காபித்தூளாம், பாதாமாம். குளிக்கப் போகிறோமா, சமைக்கப் போகிறோமா? மாற்றலாகி கொல்கத்தா வந்த நாள் முதல் அந்த வேலையை மனைவி தலையில் கட்டிவிட்டு நான் வெளியே நின்று டீ குடிப்பேன்.

அப்புறம் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற ஏற முடி மொத்தமும் கொட்டிப்போனது. வெளியில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். டாக்குரியாவில் எங்கள் பக்கத்து வீட்டு பௌதி (வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அவள் தலையைப் பார்த்துவிட்டு, திருப்பதியா என்று தானாகவே கேட்டார். மதராஸி மொட்டை போட்டால் வேறென்ன காரணம் இருக்க முடியும்! நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பெருமாள் பேரில் புளுகியே காலத்தை ஓட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவள் வாசலைத் தாண்டவில்லை.

ஒருவழியாகச் சிகிச்சை முடிந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி முன்னால் புதிதாக முளைத்திருந்த முடியைத் தடவிக்கொண்டே, "ஏங்க, எனக்கு ஒரு ஷாம்பூ வாங்கிட்டு வாங்களேன்" என்றாள். சட்டைப் பொத்தானைப் படியில் இறங்கும்போதுதான் போட்டேன்.

கடைக்காரப் பெண் என்ன மாதிரி முடி என்று கேட்டாள். வறண்டதா, எண்ணெய்ப் பிசுக்கா, சாயம் பூசியதா? எனக்கு என்ன தெரியும்? இரண்டு விரலைச் சேர்த்து, இத்தனூண்டு முடி என்று காட்டினேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாகக் குழந்தைகள் ஷாம்பூவை எடுத்து நீட்டி, பையனா பெண்ணா என்று கேட்டாள். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு! மனைவிக்கு என்றேன். ஓ, திருப்பதியா என்றாள்.

வழக்கம்போல் தலையாட்டியிருக்கலாம். அன்றைக்கு மனசு வரவில்லை. இல்லை, புற்றுநோய் இருந்தது, இப்போது குணமாகிவிட்டது, முடி வளர்கிறது என்று அரைகுறை ஹிந்தியில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதே பாட்டிலை என் கையில் வைத்து, இப்போதைக்கு இது தலையில் எரியாது, அடுத்த தடவை தீதியையே, அக்காவையே கூட்டி வாருங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சொல்லாதீங்கன்னுதானே சொன்னேன்?"

"தெரியும். ஆனா நீ பொழச்சு வந்ததை யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

ஷாம்பூவை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று உட்கார்ந்திருந்தேன். ஈரத் தலையோடு, வெளியே கட்டும் புடவையில் வந்து நின்றாள்.

"இதுல வாசனையே இல்லீங்க. கிளம்புங்க, நானே பாத்து எடுத்துக்கறேன்."

படியில் எதிர்ப்பட்ட பௌதியிடம், திருப்பதி இல்லை, புற்றுநோய் இருந்தது, இப்போது இல்லை என்று அவளே நின்று சொன்னாள். பௌதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடையில் அவள் தேர்ந்தெடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அத்தனை பாட்டிலைச் செய்து அடுக்கிய புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.