மதிவாணனுக்கு வந்த இங்கிலீஷ் பயம்

வைத்திக்குப்பத்து மதிவாணனுக்குக் கடலில் பயம் கிடையாது. பதினாறு வயதில் அப்பாவோடு படகேறியவன். புயல் எச்சரிக்கை வந்த நாளிலும் வலையை விட்டுவர மனமில்லாமல் நின்று திட்டு வாங்கியவன். முப்பது வயதில் படகை அண்ணனிடம் விட்டுவிட்டு, வெளியூர்க்காரர்கள் குளிக்கும் கடற்கரை ஒன்றில் லைஃப் கார்டாகச் சேர்ந்தான். ஆறு வருஷத்தில் பதினொரு பேரை உயிரோடு இழுத்துப் போட்டிருக்கிறான். இப்பேர்ப்பட்ட ஆளைத்தான் இங்கிலீஷ் நடுங்க வைத்தது.

ஆரம்பத்தில் அந்தப் பயமும் இல்லை. 'நோ கோ, டேஞ்சர், கம் கம்' என்பான். மீதியைக் கை பேசும். பெங்களூர்க்காரரோ பிரெஞ்சுக்காரரோ, எல்லாரும் மறுபேச்சில்லாமல் கரையேறுவார்கள். போன வருஷம்தான் சனி பிடித்தது. காலேஜ் பிள்ளைகள் கூட்டம் ஒன்றிடம் கொஞ்சம் நீளமாகப் பேச ஆசைப்பட்டான். 'சீ இஸ் ஆங்கிரி ஆன் யூ, கோ இன் தி ரோடு' என்றோ என்னவோ சொல்லிவிட்டான். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தன் வீடியோ எடுத்தான். மூன்றாம் நாள் அது குப்பத்துப் பையன்களின் போனிலெல்லாம் ஓடியது. மீன் வாங்கப் போன இடத்தில்கூட, "என்னாண்ணே, கடலு இன்னைக்கு ஆங்கிரியா?" என்று கேட்டார்கள்.

மானம் போயிற்றே என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான். அங்கே ஹேமலதா டீச்சர் பலகையில் பெட்டி வரைந்து, பந்து வரைந்து, இன், ஆன், அட், இன்டு என்று பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் நிற்பவனுக்கு ஒன்று, தண்ணீருக்குள் இறங்குகிறவனுக்கு இன்னொன்று, தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறொன்று. மதிவாணன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். ஆனால் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, எத்தனை விதமாகத் தப்பு விடலாம் என்பதும் சேர்ந்தே தெரிந்தது. முன்பு நாலு வார்த்தையை அள்ளி வீசியவன், இப்போது ஒரு வார்த்தையை எடுத்து, இதுவா அதுவா என்று புரட்டிப் பார்த்து, கடைசியில் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். யார் போனை எடுத்தாலும் தன்னைத்தான் படம் பிடிக்கிறார்கள் என்று தோன்றியது.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? தப்பா பேசுனா தலையையா வாங்கிடுவாங்க?" என்றாள் அவன் மனைவி கலைவாணி.

"நீ வந்து பேசிப் பாரு, தெரியும்" என்றான். அதற்கப்புறம் கடற்கரையில் விசிலோடு சரி.

போன ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஐம்பது வயது மதிக்கத்தக்க வடக்கத்திக்காரர் ஒருவர், இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் அலையே இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினார். வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு இது. அமைதியாக இருக்கிறதே என்று இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும், ஆளையும் இழுத்துக்கொண்டு.

மதிவாணன் விசில் ஊதினான். அவர் திரும்பிப் பார்த்து, சிரித்து, கையாட்டினார். முழங்கால் ஆழத்தில்தான் நின்றார். அவருடைய மனைவி பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று ஓடினான்.

"யெஸ்?" என்று போனைக் காதிலிருந்து இறக்கினார் அந்தம்மா.

யுவர் ஹஸ்பண்ட் என்று ஆரம்பிக்க வேண்டும். டோன்ட் கோ இன் தட் பிளேஸ். 'இன்'னா, 'இன்டு'வா? வாட்டர் இஸ் புல்லிங், அதற்குப் பிறகு டுவர்ட்ஸா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தம்மாவின் கையில் போன், அதன் கேமரா அவன் பக்கமாகத் திரும்பியிருந்தது. தப்பே இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த பேச்சு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"குட் ஈவினிங், மேடம்."

"குட் ஈவினிங்" என்று புன்னகைத்துவிட்டு, அந்தம்மா மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மதிவாணன் திரும்பிப் பார்த்தான். முழங்கால் தண்ணீரில் நின்றவரைக் காணோம். ஆழத்தில் ஒரு கை தெரிந்தது. அதுவும் மறைந்தது.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவனுக்குக் கடலில் பயம் வந்தது. ஐயோ, நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று மனம் அடித்துக்கொள்ள நீந்தினான். முதலில் முங்கியபோது கையில் வெறும் தண்ணீர். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை சட்டைக் காலர் சிக்கியது. கூட வேலை பார்க்கும் விக்ரம் மிதவையோடு வந்து சேர்ந்தான். இருவருமாக இழுத்துக் கரையில் போட்டு, நெஞ்சை அழுத்தி அழுத்தி மதிவாணனுக்குக் கை மரத்துப்போன பிறகு, அந்த மனிதர் தண்ணீரைக் கக்கி இருமினார்.

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றும்போது அந்தம்மா மதிவாணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இங்கிலீஷில்தான் பேசினார், ஆனால் அவனுக்கு எல்லாம் புரிந்தது. நீங்கள் எச்சரிக்கத்தான் வந்தீர்கள், நான்தான் போனில் மூழ்கி உங்களைப் பேசவிடவில்லை, தப்பு என்னுடையது என்றார். நாளைக்கும் அதையேதான் நினைத்து அழப்போகிறார் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விக்ரம் அவன் காதோரம் வந்தான். "வுடுண்ணே. அவங்களே சொல்றாங்க இல்ல. பேசாம இரு."

பேசாமல் இருப்பது மதிவாணனுக்கு நன்றாக வரும். ஒரு வருஷப் பழக்கம். சுற்றிலும் கூட்டம், கூட்டத்தில் எத்தனையோ போன்கள்.

"நோ மேடம். யூ நோ மிஸ்டேக். ஐ கம் டெல். சார் கோ, ஐ சீ. மை இங்கிலீஷ், ஐ ஃபியர். ஐ நோ டெல். ஐ டெல் ஒன்லி குட் ஈவினிங்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.