நூற்றிருபது வாட்

தன் வீட்டில் பேய் இருக்கிறது என்று நவமணி ஆசை ஆசையாக நம்பிய காலம் ஒரு மாதம்கூட இருக்காது. அவள் படித்த கணக்குதான் அதைத் துரத்தியது.

பயான் லெப்பாஸ் பேக்டரியில் அவளுக்கு ரெசிஸ்டர் சோதிக்கும் வேலை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் வாட். கோயில் வரிசையில் நின்றால்கூட டியூப்லைட்டைப் பார்த்து மனசு வகுத்துக்கொண்டிருக்கும். அப்படியொரு பிழைப்பு.

கணவர் சுப்பையா துறைமுகத்தில் வயர்மேன். பிள்ளைகள் இல்லை. தைப்பூசத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போது, வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் அக்கரைக்கு ஃபெரி ஏறிப் போன மறுநாள், டத்தோ கிராமாட் தெரு வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு வெளியே வந்தவள் மின்சார மீட்டரைப் பார்த்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவரு இன்னும் போகல லா. பூசாரியக் கூப்பிடு."

"போகலன்னா இருந்துட்டுப் போறாருக்கா. ஒங்களுக்கு என்னா?"

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். சூப்பர்வைசர் ஏசியது, பசாரில் மீன் விற்ற விலை, எல்லாம் சொல்லுவாள். சக்கரம் சுற்றும். கேட்கிறார் என்ற நிம்மதியில் போய்ப் படுப்பாள்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் அவருடைய கிளாம்ப் மீட்டரை எடுத்து மெயின் வயரில் மாட்டினாள். அரை ஆம்பியர். வீட்டுக்கு வருவது இருநூற்று நாற்பது வோல்ட். வகுத்தால் நானூற்று எண்பது ஓம், பெருக்கினால் நூற்றிருபது வாட். வேண்டாம் வேண்டாம் என்றாலும் புத்தி நின்றால்தானே! நூற்றிருபது என்றால் இரண்டு அறுபது வாட் பல்பு. பேய்க்கு எதற்கு பல்பு?

வயர் போன வழியே போய்ப் பரணில் ஏறினாள். பழைய அலமாரியின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. திறந்தாள். உள்ளே புதுக் காவடி. மயிலிறகில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.

இதயம் தாங்காது, இனிமேல் காவடி கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்த மனிதர். போன வருடம் அவள் வயிற்றில் கட்டி எடுத்தபோது நேர்ந்துகொண்டிருப்பார், வேறென்ன. "எங்கிட்டயே பொய் சொன்னீங்களா?" என்று காவடியை ஏசினாள். அப்புறம் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைக்க மனம் வரவில்லை. அவர் போட்டுவிட்டுப் போன விளக்கு. அது எரிகிறவரை அவர் பார்க்கிற வேலை ஒன்று இந்த வீட்டில் நடந்துகொண்டுதானே இருக்கிறது? மறுநாளும் நாற்காலியைப் போட்டாள், பேசினாள்.

தைப்பூசத்தன்று காலையில் சக்கரம் சோர்ந்து சுற்றுவதுபோல் பட்டது. கிளாம்ப் மீட்டரை மாட்டினாள். கால் ஆம்பியர். தொள்ளாயிரத்து அறுபது ஓம். அறுபது வாட். ஒரு பல்பு போய்விட்டது.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடத்தோடு புறப்பட்ட வள்ளியம்மா வாசலில் நின்றாள். "துக்க வீடு, மலைக்குத்தான் வரக்கூடாது. எங்க வீட்டுலயாச்சும் போயி ஒக்காரு லா. தனியாவா கெடப்ப?"

"தனியா இல்லக்கா," என்றாள் நவமணி, மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் பாதி இருக்காரு."