மூணு பேருக்கு ஒரு கோட்டு

ஆகாயத்துல பறக்கறவங்களுக்கு வழி சொல்ற வேலை எங்களுது. அவங்க எங்க மூஞ்சியைப் பார்த்ததே கிடையாது, குரல்தான் தெரியும். அப்படிப்பட்ட வேலைக்கு இன்னா டிரெஸ் போட்டா இன்னான்னு கேக்கறீங்களா? கழுத்துல கார்டு மாட்டிக்கினு, வெயில்ல ஷூவோட பஸ் ஏறுற உங்களுக்கே தெரியும், இதை மேனேஜர்கிட்ட கேட்டா எங்க போய் முடியும்னு.

பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவுல ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி. ஒரு ஓடுதளம், சில குட்டி விமானம், ஒரு டவர். டவர்ல கண்ட்ரோலர் மூணு பேர். பொன்னேரி கோதண்டம் அண்ணன், பழவேற்காடு டவுன் மஸ்தான், அப்புறம் ஏரிக்கரைக் குப்பத்துலேர்ந்து தேசம்மாவாகிய நான்.

மாதிரிக் கோட்டு

எங்க முதலாளி ஏதோ வெளிநாட்டுக்குப் போய் அங்க ஒரு டவரைப் பார்த்துட்டு வந்தார். வந்ததும் உத்தரவு: கறுப்புக் கோட்டு, டை, கறுப்பு ஷூ. மாதிரிக்குன்னு ஒரு கோட்டு வந்துது. அது எங்க மூணு பேர்ல யாருக்கும் சேரல. எனக்கு முட்டி வரைக்கும் வந்துது, கோதண்டம் அண்ணனுக்குத் தொப்பையிலேயே நின்னுபோச்சு. மத்த கோட்டெல்லாம் தச்சு வரும்னு சொன்ன மேனேஜர், அதுவரைக்கும் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? "கோட்டு போடாதவர் மைக்கைத் தொடக் கூடாது"னு கையெழுத்துப் போட்டு டவர் கதவுல ஒட்டிட்டார்.

அதே வாரம் ஏசி செத்துச்சு. கண்ணாடிக் கூண்டு, ஐப்பசிப் புழுக்கம், மேல கம்பளிக் கோட்டு. ஏரியிலேர்ந்து பூநாரைக் கூட்டம் கிளம்புது, கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு பயிற்சிப் பையன் ஒருத்தனுக்கு மைக்ல சொல்லிக்கினு இருந்தேன். அவன் பதிலுக்குச் சொன்னான்: "சரிங்க மேடம், ஆனா இன்னிக்கு உங்க குரலே வேர்க்குது."

உறுப்பினர் இல்லாத சங்கம்

எங்களுக்கும் சங்கம் உண்டு. கோதண்டம் அண்ணன் தலைவர், மஸ்தான் செயலாளர், நான் பொருளாளர். உறுப்பினர்னு யாரும் கிடையாது. கோட்டை யார் போடறதுன்னு கூட்டம் போட்டோம். தலைவர் போடக் கூடாது, மரியாதை போயிடும்னார் அண்ணன். செயலாளர் போட்டா முதலாளிக்கு அடிபணிஞ்சதா ஆயிடும்னான் மஸ்தான். அப்போ பொருளாளர் தலையிலதான் கட்டுவீங்களான்னு நான் எகிறினேன். ரெண்டு நாள் யாரும் யார்கூடவும் பேசல, டீ கூட தனித்தனியா வந்துது.

கடைசியில நான்தான் சொன்னேன், எங்க ஊர் மாதிரி பாடு வெச்சிக்கலாம்னு. ஏரியில நல்ல இடத்துல வலை கட்ட எல்லாருக்கும் ஆசை. அதனால சீட்டு எடுத்து முறை வெச்சிருக்காங்க. அதுக்குப் பேர்தான் பாடு. சாயங்காலம் பாடு மாறும். அவனவன் முறையில அவனவன்தான் வலை கட்டணும், அடுத்தவன் முறையில கை வெக்கக் கூடாது. நாங்களும் சீட்டு எடுத்தோம், ஆளுக்கு ஒரு நாள், சாயங்காலமே கோட்டு கை மாறிடணும். முதல்ல அண்ணன், அப்புறம் நான், அப்புறம் மஸ்தான். மஸ்தானுக்கு ஒரே மஜா. அவங்க வியாபாரக் குடும்பம், ஏரியில பாடு கிடையாது. "ஏழு தலைமுறையா கிடைக்காதது எனக்குக் கோட்டுல கிடைச்சிருக்கு"ன்னான்.

எங்க ஊர்ல பாடு ஆம்பளைங்களுக்குத்தான். வீட்டுக்கு வந்து நைனாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். வலையிலேர்ந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "பொம்பளைக்குப் பாடு குடுத்த மொத ஊரு உங்க டவர்தாம்மா."

வக்கீலம்மா

என் முறை அன்னிக்குக் கோட்டோடவே பஸ் ஏறினேன். பக்கத்துல எறாக் கூடையோட ஒரு அக்கா. என்னை ஏற எறங்கப் பார்த்துட்டு, தன் மச்சான்காரன் சுவரைத் தள்ளிக் கட்டின கதையை ஆரம்பிச்சாங்க. நான் வக்கீல் இல்லக்கா, பிளேனுக்கு வழி சொல்ற ஆளுன்னேன். அவங்களுக்கு அது ஒப்பல. நான் ஏதோ கேஸ் எடுக்க மனசில்லாம பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்க. எறங்கும்போது நாலு பேர் கேக்க ஒரு கேள்வி கேட்டாங்க: "கேஸ் எடுக்க மாட்டேன்னா அப்புறம் இன்னாத்துக்கும்மா கோட்டு?"

கெளுத்தி

அன்னிக்கு டவருக்குப் போனா அங்க வேற பேஜார். முந்தின நாள் மீன் ஏலத் திடல்ல மஸ்தான் கெளுத்தியை மிதிச்சிட்டான். கெளுத்தி முள்ளு ஏறினா எப்படி இருக்கும்னு ஏறினவங்களுக்குத்தான் தெரியும். கால் பலாப்பழமா வீங்கிடுச்சு. லீவு பாக்கியில்ல. கட்டுப் போட்டு, லுங்கி கட்டி, ரப்பர் செருப்போட நொண்டிக்கினே வேலைக்கு வந்தான். மேனேஜர் காலைப் பார்க்கல, செருப்பைத்தான் பார்த்தார். அங்கேயே சஸ்பெண்ட். விசாரணை வெச்சு வீட்டுக்கு அனுப்பிடுவேன்னும் சொல்லிட்டார்.

 கிடைச்ச துபாய் விசாவை இந்த வேலைக்காக வேணாம்னு விட்டவன் மஸ்தான். பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். சங்கமா நாங்க மூணு பேரும் போய் நின்னோம். வேலைநிறுத்தம்னார் கோதண்டம் அண்ணன். செய்ங்க, வேற ஆள் எடுத்துக்கறேன்னார் மேனேஜர். அண்ணன் குரல் எறங்கிடுச்சு. மஸ்தான் காலைத் தூக்கிக் காட்டினான், மனுஷன் அசையல. "காலுக்கு வேணா இரக்கப்படலாம், செருப்புக்குப் பட முடியாது"ன்னார்.

கோட்டு தனியா வராது

அன்னிக்குச் சாயங்காலம் பழவேற்காட்டுல எறங்கி, நேரா மஸ்தான் வீட்டுக்குப் போய்க் கோட்டைக் குடுத்துட்டு வந்தேன். அடுத்த பாடு அவனுதாச்சே. மறுநாள் காலையில கோதண்டம் அண்ணன் தலையில அடிச்சிக்கினார். "சஸ்பெண்ட் ஆனவன்கிட்டயா குடுத்த?" வேற யார்கிட்ட குடுக்கறதாம்? நோவுல படுத்தாலும் அவன் முறை அவனுக்குத்தானே. சத்தியமா சொல்றேன், எனக்கு வேற யோசனையே வரல.

அந்த நேரம் பார்த்து மேனேஜருக்கு போன். முதலாளி மெட்ராஸ்லேர்ந்து தன் சொந்த விமானத்துல கிளம்பப் போறாராம், டவரைப் பார்க்கணுமாம். மேனேஜர் ஓடி வந்தார். டவர்ல கோட்டு இல்ல. கதவுல அவர் கையெழுத்து இருக்கு. கோட்டு இல்லாம பேசட்டுமா சார்னு கேட்டேன். முதலாளிகிட்டயேவான்னு அலறினார். மஸ்தானுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சு, ஜீப் அனுப்பறேன், கோட்டைக் குடுத்தனுப்புன்னார். குடுத்தனுப்பினாலும் நான் போட மாட்டேன், என் முறை இல்லன்னேன். கோதண்டம் அண்ணன் கூட, நேத்து எறங்கின குரல் ஏறி, "நானும்தான்"னார். போன்ல மஸ்தான் நிதானமா சொன்னான்: "கோட்டு தனியா வராது சார், நானும் வருவேன்."

மேசைக்குக் கீழே

வந்தான். மேல கோட்டு, டை. கீழ லுங்கி, கட்டு, செருப்பு. மேனேஜர் அவனை மைக் முன்னாடி உக்கார வெச்சு, மேசைக்குக் கீழ காலைத் தள்ளி, "செத்தாலும் எழுந்திரிக்காத"ன்னார். மஸ்தான் முதலாளியைப் பதமா எறக்கினான். அவர் நேரா மேல ஏறி வந்தார். கோட்டைப் பார்த்து அவருக்கு மனசு நெறஞ்சுபோச்சு. "நல்லா எறக்கினப்பா"ன்னு கை நீட்டினார். பெரிய மனுஷன் கை நீட்டும்போது உக்காந்துக்கினா இருப்பான்? மஸ்தான் எழுந்து நின்னுட்டான்.

எனக்கு உயிரே போச்சு. முதலாளி மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தார். "மேல பாதி நம்ம கம்பெனி. கீழ பாதி யாரு?" மஸ்தான் சொன்னான், "கீழ பாதி சஸ்பென்ஷன் சார்." கோதண்டம் அண்ணன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை தலைவரா பேசினது அப்பதான். "சஸ்பெண்ட் ஆனவர் கையிலதான் உங்க உயிரைக் குடுத்தாரான்னு மேனேஜரைக் கேளுங்க சார். இல்லன்னா சஸ்பென்ஷனே இல்லன்னு சொல்லட்டும்."

முதலாளி திரும்பினார். மேனேஜர் எங்க மூணு பேரையும் பார்த்தார், கதவுல இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார்.  அப்புறம் சொன்னார்: "ஆளுக்கு இல்ல சார், காலுக்கு மட்டும்தான் சஸ்பென்ஷன்."

இன்னிக்கும் எங்க டவர்ல கோட்டு ஒண்ணுதான், சங்கத்துல உறுப்பினர் யாருமில்ல, மஸ்தான் மட்டும் கால் ஆறியும் செருப்போடவே வர்றான், ஏன்டான்னு கேட்டா காலோட விசாரணை இன்னும் முடியலையாம்.