குரல் போன வருஷம்

கழுத்துக் கழலையை வெட்டி எடுப்பதற்கு முன்பே டாக்டர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர். "குரல் நரம்பு அதுக்குக் கிட்டத்தான் ஓடுது அம்மா. நாங்கள் கவனமாத்தான் செய்வம். எண்டாலும் கொஞ்ச நாளைக்குக் குரல் அடைக்கும். சில பேருக்குப் பழையபடி வராமலும் போகலாம்."

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்ன ஆலயத்தில் இருபது வருஷமாகப் பாட்டைத் தொடங்கி வைப்பவள் நான்தான். தம்மைத் துதிக்கும் குரலில் ஆண்டவர் கை வைக்க மாட்டார் என்று அவருக்கும் சேர்த்து நானே முடிவு செய்திருந்தேன்.

மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

வீடு திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனோம். பாட்டு நேரம் வந்தது. போதகர் பழக்கத்தில் என்னைப் பார்த்தார், பிறகு தன் காலணியைப் பார்த்தார். அப்போது என் கணவர் எழுந்து நின்றார். கொழுந்து அரைக்கும் மெஷின்களுக்கு நடுவில் காலமெல்லாம் வேலை செய்தவர். அவருடைய சாதாரணப் பேச்சே அடுத்த லயத்து வீடுகள்வரை கேட்கும். ராகம் என்பது மட்டும் அவருக்கும் வீட்டுப் பூனைக்கும் ஒன்றுதான்.

எடுத்த எடுப்பில் உச்சத்தில் தொடங்கினார். இரண்டாவது அடியில் ஒருவராலும் கூட ஏற முடியவில்லை. நிறுத்தினார். "மன்னிச்சிருங்க, திரும்பவும் எடுக்குறேன்" என்று இந்த முறை கிணற்றுக்குள்ளிருந்து தொடங்கினார். முதலில் சிரித்தவர் போதகர்தான். எனக்குத் தோள் குலுங்கியது, தையல் போட்ட இடம் வலித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் இல்லை. என் கணவர் குனிந்து, "அழாத புள்ள, எப்படியாவது பாடி முடிச்சிர்றேன்" என்றார். அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன்.

சிரிப்பு வீடுவரைக்கும்தான் வந்தது. அன்று மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உமக்கு எடுத்துக்கொள்ள வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று ஆண்டவரிடம் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். சோதனை வந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். என்னால் அது முடியவில்லை. ஒரு மாதம் ஜெபம் என்ற பெயரில் சண்டைதான் பிடித்தேன். அவர் பொறுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனேன். பக்கத்து நிரையில் எப்போதும் நிற்பவள் எங்கள் லயத்துக்காரி, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். பல வருஷப் பழக்கம். ஆனால் அதுவரை பேசியதெல்லாம் நான், கேட்டதெல்லாம் அவள். இப்போது அவள் பேசத் தொடங்கினாள். மருமகள் கதை, முழங்கால் வலி, கோழி காணாமல் போனது. நான் கேட்டுக்கொண்டே கிள்ளினேன். நான்காவது நாள் கூடையைச் சரிசெய்கிற சாக்கில் கிட்டே வந்தாள்.

"அக்கா, ஒங்களால யாருகிட்டயும் சொல்ல முடியாதுன்னுதான் சொல்றேன். மாருல ஒரு கட்டி இருக்கு. ஆறு மாசமா. பயமா இருக்குக்கா."

குரல் இருந்திருந்தால் உடனே பத்து ஆறுதல் சொல்லி, ஜெபிக்கிறேன் என்று முடித்து, அடுத்த செடிக்குப் போயிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். குரல் இல்லாததால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்த கையை விடவும் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

கிளினிக்கில் அவளுக்குப் பதிலாக நான் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கோ வாய் இல்லை. நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். வேறு வழியில்லாமல், ஆறு மாதம் மூடி வைத்திருந்ததை அவளே உடைந்த சிங்களத்தில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் அவள் முகம் எவ்வளவோ தெளிந்திருந்தது.

பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆனது. பயப்படும்படியான கட்டி இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி.

அடுத்த ஞாயிறு அவள் புதுச் சேலையில் ஆலய வாசலில் நின்றாள். "மாரியம்மனுக்குத் தேங்கா ஒடச்சிட்டேன்கா. ஒங்க சாமியும்தானே கூட வந்திச்சு, அதுகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்." கடைசி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று நான் எழுதிய சாட்சியை என் கணவர் வாசித்தார். ஆண்டவரோடு ஒரு மாதம் சண்டை போட்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, "என்கூடயும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். குரல் போனதற்காக நன்றி என்று நான் எழுதவில்லை. அந்த அளவுக்கு நான் வளரவில்லை. குரல் போன இடத்தில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள், அதற்கு நன்றி என்று எழுதியிருந்தேன்.

எட்டாவது மாதம் டாக்டரிடம் காட்டப் போனோம். விடியற்காலையில் புறப்பட்டு, ஒன்றும் சாப்பிடாமல், மத்தியானம்வரை காத்திருந்தோம். அவர் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏதாவது சொல்லுங்கோ பாப்பம்" என்றார். ஸ்தோத்திரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பசிக்குதுங்க" என்று வந்தது.

கரகரப்பாக, தடிப்பாக, ஆனால் சத்தமாக வந்தது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் உட்கார்ந்ததும், "ரெண்டு ரோல்ஸ், ரெண்டு பிளேன்டீ" என்று நானே சொன்னேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "இருங்க ஐயா, இந்தா வருது" என்றார்.

ஐயாவாகவே இருந்து இரண்டு ரோல்ஸையும் நானே சாப்பிட்டேன்.