சிவப்புப் புள்ளி வைத்த அடாப்டர்

ஒரே ஒரு காரியத்துக்காக அப்பா இருபது வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். திட்டுவது அம்மா. ஒத்து ஊதுவது நான்.

அம்மா கல்லூரியில் கணக்குப் படித்தபோது, பெரிய மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தாராம். பார்த்தால் வெறும் கீபோர்டு மாதிரிதான் இருக்கும். டிவியில் மாட்ட வேண்டும், ப்ரோகிராமைக் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். அம்மா அதில் கோலம் போடும் ப்ரோகிராம் ஒன்று எழுதியிருந்தாள். எத்தனை புள்ளி என்று தட்டினால் திரையில் சிக்குக்கோலம் வருமாம். கல்யாணமாகித் தல்லாகுளம் வந்தபோது கம்ப்யூட்டரும் கேசட்டும் பத்திரமாக வந்தன, கரண்டு கொடுக்கும் அடாப்டர் மட்டும் எங்கோ தொலைந்துவிட்டது.

எனக்கு ஒன்பது வயதானபோது, வாசலில் புள்ளிக்கணக்குத் தப்பி நான் முழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "அத மட்டும் ஓட வச்சா இவளுக்குக் காட்டிருவேன்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அது போதும். என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டிவிக்கான ஒயர் சுலபமாகக் கிடைத்தது. மொட்டைமாடியில் பழைய ஆன்டெனாவிலிருந்து சும்மா தொங்கியதை வெட்டிக்கொண்டோம். அடாப்டர்தான் ஆட்டம் காட்டியது. நாலு ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடைகடையாக ஏறி இறங்கினோம். "இதுக்கெல்லாம் மியூசியத்துல போய்க் கேளுங்கண்ணே" என்றார் ஒரு கடைக்காரர். அப்பா அதற்கும் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். கடைசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பாய்தான் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"மத்ததுக்கெல்லாம் பெரும்பாலும் பின்னுக்கு நடுவுல பிளஸ்ஸு. இதுக்கு நடுவுல மைனஸ். மாத்திச் சொருகுனா அம்புட்டுத்தான், மெசின் போயிரும்" என்றபடி, ஒரு பழைய கறுப்பு அடாப்டரின் ஒயரை வெட்டி மாற்றி ஒட்டினார். எங்கள் டேப் ரெக்கார்டருக்கும் அச்சு அசல் இதே மாதிரி ஒன்று இருப்பதாக அப்பா சொன்னதும், மேசை டிராயரிலிருந்து நகப்பாலிஷ் எடுத்து இதன் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

"செவப்பு வச்சதுதான் கம்ப்யூட்டருக்கு. மறந்துராதீங்க."

மறுநாள் ஆயுத பூஜை. அன்று எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது. "இம்புட்டு வருசம் பொறுத்தாச்சு. விடிஞ்சா விஜயதசமி, நல்ல நாள்ல போடுவோம்" என்றாள் அம்மா. அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேசட்டை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. அரிவாள்மனை, தையல் மெஷின், ஸ்கூட்டர், டிவி என்று ஒன்றையும் விடவில்லை. அடாப்டர் இரண்டுக்கும் முதுகு நிறையச் சந்தனம் அப்பி, நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

விஜயதசமியன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி டிவி முன்னால் உட்கார்ந்தாள். அப்பா கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா சொல்லி வைத்திருந்தபடி, சிவப்பு தெரிந்த அடாப்டர் ஒன்றை எடுத்துச் சொருகி அம்மா சுவிட்சைப் போட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை. கருகல் வாடைதான் வந்தது.

அம்மா போட்ட சத்தத்தில் அப்பா ஓடி வந்தார். இரண்டு அடாப்டரையும் பார்த்தார். பிறகு, நகக்கண்ணில் சந்தனம் காய்ந்திருந்த என் கையைப் பார்த்தார்.

"நாந்தான் நேத்து எடம் மாத்தி வச்சுட்டேன்" என்றார்.

உள்ளே சில்லு போய்விட்டது, இங்கே கிடைக்காது என்று பாய் கையை விரித்துவிட்டார். அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அதற்கப்புறம் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், "ஒரு ஒயர ஒழுங்கா வைக்கத் தெரியாத மனுசன்" என்றுதான் ஆரம்பிப்பாள். "ஏம்ப்பா, கொஞ்சம் பாத்து வச்சிருக்கக் கூடாதா?" என்று நானும் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, நூறு தடவை. "என்ன செய்ய தாயி, என் கை அப்படி" என்பார்.

போன மாதம் பரணை ஒழித்தபோது அந்த இரண்டு அடாப்டரும் கிடைத்தன. சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். ஒன்றில் குங்குமம் மொத்தமும் கரைந்து போனது. இன்னொன்றில் குங்குமம் போன இடத்தில் பாயின் நகப்பாலிஷ் புள்ளி அப்படியே பளபளத்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற அப்பா என் முகத்தைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மாட்ட சொல்லிறாத தாயி. இம்புட்டு வருசமா வாங்குன திட்டெல்லாம் வீணாப் போயிரும்."